திருமுறை என்னும் சொல்லும் கிறித்தவ மறைநூலின் வரையறையும்: கள்ளக்குறிச்சி வட்டாரத்தை முன்வைத்து

கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019இல் உருவானது. எனினும் அதன் எல்லைக்குள் அமைந்த இரண்டு ஊர்கள் தமிழ்ச் சமய நூல்தொகுப்பு வரலாற்றில் தொடக்கப் புள்ளிகளாக உள்ளன. முதலாழ்வார் மூவரும் திருக்கோவலூர் இடைகழியில் சந்தித்தபோது பாடிய அந்தாதிகளை நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தின் ஊற்றாக வைணவ மரபு கொள்ளும். திருநாவலூரில் பிறந்த சுந்தரரின் பதிகங்கள் ஏழாம் திருமுறையாயின. அவரது திருத்தொண்டத்தொகை, நம்பியாண்டார் நம்பியின் அந்தாதி வழியாகச் சேக்கிழாரின் பெரியபுராணமாக விரிந்தது. நம்பியின் சொந்தப் பாடல்களும் பதினோராம் திருமுறையில் இடம்பெற்றுள்ளன. கி.பி. 12ஆம் நூற்றாண்டில் எழுந்த பெரியபுராணம் பின்னர்ப் பன்னிரண்டாம் திருமுறையாகச் சேர்க்கப்பட்டது. ஆகவே ‘திருமுறை’ என்னும் சொல், கூட்டுதலுக்கு இடந்தந்து வளர்ந்த ஒரு தொகுப்பின் பெயராகும்.

இச்சொல்லையே கிறித்தவர் தம் மறைநூல் வரையறைக்கு எடுத்துக்கொண்டனர். 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு, கத்தோலிக்கருக்கும் சீர்திருத்தச் சபையினருக்கும் இடையே கருத்து வேறுபாடு உள்ள நூல்களை ‘இணைத் திருமுறை’ எனக் குறித்தது. சொல் ஒன்றாயினும் வரலாறு வேறு. புதிய ஏற்பாட்டின் 27 நூல்களும் 367இல் அத்தனாசியுசு எழுதிய மடலில் இன்றுள்ளவாறே பட்டியலிடப்பட்டன. 1546இல் திரெந்துச் சங்கம் கத்தோலிக்கப் பட்டியலை உறுதிசெய்தது. அதன்பின் எழுந்த பூசல்கள் அனைத்தும் பழைய நூல்களை ஏற்பதா விலக்குவதா என்பன பற்றியவையே. புதிதாக எழுதப்பட்ட ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்பது பெருஞ்சபைகளில் எழவில்லை. வெளிப்பாட்டு நூலின் இறுதியிலுள்ள எச்சரிக்கை இதற்குச் சான்றாக அடிக்கடி காட்டப்படுகிறது. அது அந்த ஒரு நூலைக் குறித்து எழுதப்பட்டது. முழுத் தொகுப்பையும் குறித்ததாகக் கொள்வது பிற்கால வாசிப்பே.

தமிழில் நூல்களின் எண்ணிக்கை நிலையாக இருந்ததில்லை என்பதும் நோக்கத்தக்கது. சீகன்பால்கு தொடங்கிய பழைய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பை முடித்த பெஞ்சமின் சுல்ட்சே, லூத்தர் வழியைப் பின்பற்றித் தள்ளுபடியாகமங்களையும் மொழிபெயர்த்தார். அவை 1728இல் தரங்கம்பாடியில் அச்சேறின. ஏறத்தாழ நூறாண்டு கழித்து, 1826இல், பிரித்தானிய வேதாகமச் சங்கம் இந்நூல்களுக்குப் பொருளுதவி செய்வதில்லை என முடிவு செய்தது. அச்சங்கத்தின் ஆதரவில் பரவிய தமிழ்ப் பதிப்புகளில் அவை இடம்பெறவில்லை. இறையியல் வாதத்தைக் காட்டிலும் அச்சகமும் பணமும் ஒரு மறைநூலின் பருமனைத் தீர்மானித்த நிகழ்வு இது. கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் புதுவை மறைபரப்பின் கத்தோலிக்கர் 73 நூல்களையும், தென்னார்க்காட்டில் டேனிஷ் மிஷன் வழிவந்த லூத்தரன் சபையார் 66 நூல்களையும் மறைநூலாகக் கொண்டனர்.

புதிய எழுத்துகள் தோன்றாமல் இல்லை. வீரமாமுனிவரின் தேம்பாவணி சூசையப்பர் வரலாற்றை விவிலியத்தில் இல்லாத பல நிகழ்வுகளுடன் 3615 பாடல்களில் விரித்தது. பெரியபுராணத்துக்குக் கிடைத்த இடம் இக்காப்பியத்துக்குக் கிடைக்கவில்லை. அதை அவர் நாடியதும் இல்லை. பக்தி இலக்கியம் மறைநூலாக உயரும் வழி சைவத்தில் திறந்திருந்தது, கிறித்தவத்தில் அடைத்திருந்தது.

அவ்வழியை ஓரளவேனும் திறந்து பார்க்க முயன்றவர் இதே பழைய தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தவர் என்பது குறிக்கத்தக்கது. கல்லேரியில் பிறந்த து.சை. அமலோற்பவதாஸ் புதுவை உயர்மறைமாவட்டக் குரு. பெங்களூரிலுள்ள தேசிய விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு நடுநிலையத்தின் நிறுவன இயக்குநர். 1974 டிசம்பரில் அங்கே விவிலியம் சாரா மறைநூல்கள் பற்றிய ஆய்வரங்கை அவர் கூட்டினார். இந்தியச் சமயங்களின் நூல்களுக்கு இறைஏவுதல் உண்டா, அவற்றைக் கிறித்தவ வழிபாட்டில் வாசிக்கலாமா என்பன அங்கு ஆராயப்பட்டன. கிறித்துவுக்குப் பின் புதிய பொது வெளிப்பாடு எதிர்பார்ப்பதற்கில்லை என இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் இறைவெளிப்பாடு பற்றிய ஏடு 1965இலேயே அறுதியிட்டிருந்தது. ஆகவே உபநிடதத்தையோ தேவாரத்தையோ விவிலியப் பட்டியலில் சேர்ப்பது அன்று பேச்சாகவில்லை. வாசக மேடையில் அவற்றுக்கு ஓர் இடம் தருவதே பேச்சு. 1975இல் உரோமை அதனையும் தடைசெய்தது. பட்டியலைத் தொடாமல் விட்ட ஒரு முயற்சி வாசக மேடையிலேயே தடுக்கப்பட்டது. இதிலிருந்து, நடைமுறையில் மறைநூலின் எல்லையைக் காப்பது வழிபாடு என்பது புலப்படுகிறது. மக்கள் பட்டியலைப் படிப்பதில்லை. வழிபாட்டில் வாசிக்கக் கேட்டதையே மறைநூலாக அறிகின்றனர். அவ்வகையில் உரோமையின் அச்சம் பொருளற்றது எனக் கூறுவதற்கில்லை.

இவ்விவாதம் முழுவதும் ஏட்டில் எழுதப்பட்ட மரபுகளையே மையமாகக் கொண்டது. கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர், தம் முன்னோர் காஞ்சியிலிருந்து மலையேறிய கதையை வாய்மொழியாகவே காத்து வந்துள்ளனர். ‘நூல்’ என்னும் சொல் வாசலில் நிற்கும்வரை அத்தகைய மரபு உள்ளே வர இயலாது. சைவத் திருமுறையும்கூட ஏடாக எழுதப்பட்டதையே தொகுத்தது.

1995ஆம் ஆண்டுப் பொது மொழிபெயர்ப்பில் கத்தோலிக்கத் தரப்பின் பணி திண்டிவனத்தில் இயங்கும் விவிலிய நடுநிலையத்தைச் சார்ந்தது. இந்திய வேதாகமச் சங்கம் உடன் உழைத்தது. 1826இல் வெளியேற்றப்பட்ட நூல்கள் அதில் பழைய ஏற்பாட்டிற்கும் புதிய ஏற்பாட்டிற்கும் இடையே தனிப்பகுதியாக வைக்கப்பட்டன. ‘இணை’ என்னும் முன்னொட்டை ஒரு சாரார் சமம் எனவும் மற்றொரு சாரார் உடன்வைக்கப்பட்டது எனவும் பொருள்கொள்ள முடிந்தது. இருதரப்பும் ஒரே நூலைக் கையில் ஏந்த அவ்வொரு சொல்லின் இருபொருளே போதுமானதாயிற்று.