பழங்கம்பியும் புதுவழியும்

சனத்நகர் என்னும் பெயரிலேயே இவ்வூரின் வரலாறு அடங்கியுள்ளது. உருது மொழியில் ‘சனத்’ என்பது தொழிலைக் குறிக்கும் சொல். தொழில் நகரம் என்று பெயர் பெற்ற இவ்விடத்துக்குத் தொழிலை நாடியே நம் முன்னோரும் வந்தனர். 1942ஆம் ஆண்டில் தோன்றிய ஐதராபாத் ஆல்வின் நிறுவனம் இங்கே குளிர்ப்பெட்டிகளும் பேருந்துக் கூடுகளும் செய்த காலம் ஒன்று இருந்தது. அக்காலம் மறைந்தது. எனினும் வந்தவர்கள் திரும்பிச் செல்லவில்லை. சிறு வீடுகளில் வாழ்ந்தவர்கள் அடுக்கு மாளிகைகளில் குடியேறினர். அவர்தம் பிள்ளைகள் கடல் கடந்தனர். பெற்றோர் இங்கே தங்கினர்.

அத்தகைய அடுக்கு மாளிகை ஒன்றில்தான் நானும் வாழ்கிறேன். வீட்டுக்கு வீடு ஓர் இன்டர்காம் கருவி. அதனின்று சுவருக்குள் ஓடும் இரண்டு மெல்லிய செப்புக் கம்பிகள். அவை யாவும் சென்று சேரும் இடம் வாயிற் காவலரின் அறை. பல ஆண்டுகள் உழைத்த அந்த அமைப்பு ஒரு மழைக்காலத்தில் ஓய்ந்துவிட்டது. அதனைப் புதுப்பிப்பதா, அடியோடு அகற்றுவதா என்பது குறித்து எங்கள் குடியிருப்போர் கூட்டத்தில் பெரிய வழக்கே நிகழ்ந்தது. அவ்வழக்கில் தீர்ப்புக் கூறத் தக்கது வரலாறு ஒன்றே. ஆகவே கம்பியின் கதையை முதலில் கூறுகிறேன்.

ஒற்றைக் கம்பி இரட்டையானது

அலெக்சாண்டர் கிரகாம் பெல் தொலைபேசிக்கு உரிமை பெற்றது 1876இல். ஆறு ஆண்டுகளுக்குள் அக்கருவி நம் நாட்டை அடைந்தது. 1882 சனவரி 28ஆம் நாளன்று கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் தொலைபேசி நிலையங்கள் திறந்து வைக்கப்பெற்றன. இந்தியாவில் தொலைபேசி பிறந்த மூன்று தொட்டில்களுள் ஒன்று சென்னை என்பது நாம் நினைவிற்கொள்ளத் தக்கது.

உலகின் தொடக்ககாலத் தொலைபேசிகள் பலவற்றில் ஒரே கம்பிதான் இருந்தது. மின்னோட்டம் கம்பி வழியே சென்று நிலத்தின் வழியே திரும்பியது. இதனால் செலவு குறைந்தது, தொல்லையோ பெருகியது. அருகே ஓடும் தந்திக் கம்பியின் ஒலியும் பிற மின்சாரங்களின் இரைச்சலும் பேச்சோடு கலந்தன. பெல் இதற்கும் வழி கண்டார். நிலத்தை நம்பாது இரண்டாவது கம்பி ஒன்றை இடுக. அவ்விரண்டையும் கயிறு திரிப்பதுபோல் ஒன்றோடொன்று முறுக்குக என்பதே அவ்வழி. 1881இல் அதற்கும் உரிமை பெற்றார். புறத்தேயிருந்து வரும் இரைச்சல் இரு கம்பிகளையும் ஒரே அளவில் தாக்குகிறது. கருவியோ இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை மட்டுமே கேட்கிறது. ஆகவே இரைச்சல் தானே அழிகிறது. பேச்சு மட்டும் நிற்கிறது. எவ்வளவு எளிய உண்மை! இன்று கணிப்பொறிகளை இணைக்கும் கம்பிகளுக்கும் அந்த முறுக்கே அடிப்படை என்றால் வியப்பன்றோ?

கருவி மாறிற்று, கம்பி மாறவில்லை

அதன்பின் இணைப்பகத்தில் நிகழ்ந்த மாறுதல்கள் பல. முதலில் ஊழியர்கள் அமர்ந்து கைகளால் இணைப்புத் தந்தனர். பிணங்களை அடக்கம் செய்யும் தொழிலினரான ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்னும் அமெரிக்கர் தானியங்கி இணைப்பிக்கு 1891இல் உரிமை பெற்றார். நம் நாட்டின் முதல் தானியங்கி நிலையம் 1913–14இல் சிம்லாவில் அமைந்தது. விடுதலைக்குப் பின் 1948இல் பெங்களூரில் இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலை எழுந்தது. அதனைச் சூழ்ந்த குடியிருப்புக்குத் தூரவாணி நகர் என்று பெயர். நம் சனத்நகரைப் போலவே அதுவும் தொழிலால் பெயர் பெற்ற ஊர். 1984இல் தோன்றிய சி-டாட் நிறுவனம் குளிரூட்டும் அறை தேவைப்படாத 128 இணைப்புச் சிற்றூர் நிலையத்தை ஆக்கி, 1986இல் கருநாடகத்தின் கித்தூரில் நிறுவியது.

ஊருக்குப் பேச வேண்டுமெனில் டிரங்க் கால் பதிவு செய்துவிட்டுப் பல நாழிகை காத்திருந்த நாள்கள் நம்முள் மூத்தோருக்கு மறந்திரா. 1960இல் கான்பூர், லக்னோ நகரங்களுக்கிடையே தொடங்கிய நேரடி அழைப்பு முறை மெல்ல மெல்ல நாடெங்கும் பரவி அக்காத்திருப்பை ஒழித்தது.

கைப்பலகை போய்த் தானியங்கி வந்தது. அது போய் மின்னணு வந்தது. ஆயினும் வீட்டு வாயிலுக்கு வந்த இரண்டு கம்பிகள் மாறவில்லை. கட்டட இன்டர்காம் என்பதும் பெரிய இணைப்பகத்தின் சிறிய குழந்தையே. ஆதலின் அதற்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ஜோடிக் கம்பி வாய்த்தது. இன்னொரு நலமும் உண்டு. கருவிக்கு வேண்டிய மின்சாரத்தையும் அக்கம்பியே, நடுவிடத்து மின்கலத்திலிருந்து கொண்டு வந்தது. ஊர் இருண்டாலும் தொலைபேசி பேசியதன் மறைபொருள் இதுவே.

கம்பியைத் தேடி வந்த கணிப்பொறி

1973இல் அமெரிக்காவில் ஜெராக்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில் ராபர்ட் மெட்காஃப் முதலானோர் ஈதர்நெட் என்னும் கணிப்பொறி வலையை வகுத்தனர். அதற்குப் பயன்பட்டது விரலளவு தடித்த, வளைத்தற்கரிய ஒரு கேபிள். அதனை அலுவலகம் தோறும் புதிதாக இடுவது பெருஞ்செலவு. சுவர்களுக்குள் தொலைபேசிக்கென்று இட்ட கம்பிகளில் பல ஜோடிகள் வேலையின்றிக் கிடப்பதைச் சிலர் கண்டனர். 1980களின் நடுவில் ஸ்டார்லேன் என்னும் முறை அக்கம்பிகளிலேயே நொடிக்கு 10 லட்சம் பிட் செய்தியைச் செலுத்திக் காட்டியது. 1990இல் வகுத்த விதி அதனைப் பத்து மடங்காக்கியது. புதுக் கருவிக்காகக் கம்பி மாறவில்லை. பழங்கம்பிக்காகக் கருவியே தன்னை மாற்றிக்கொண்டது. இஃது இவ்வரலாற்றின் தலையாய பாடம்.

தெருக் கம்பிகளிலும் இவ்வாறே நிகழ்ந்தது. பேச்சுக்குத் தேவையான அதிர்வுகள் நொடிக்கு 3,400 வரையில்தான். கம்பியோ அதனினும் பன்மடங்கு தாங்கவல்லது. எஞ்சிய அவ்விடத்தைப் பயன்கொண்டு வீட்டை நோக்கி மிகுதியாகவும் வீட்டிலிருந்து குறைவாகவும் செய்தி அனுப்பலாம் என்னும் கருத்தை 1980களின் இறுதியில் ஜோசப் லெக்லைடர் வெளியிட்டார். அதுவே டி.எஸ்.எல். முறையில் புகழ்பெற்ற வகையாயிற்று.

நம் சென்னைக்கும் இதில் பங்குண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் அவர்தம் டெநெட் குழுவினரும், இணைப்புக்கு ஆகும் செலவில் பெரும்பகுதி வீட்டு வாயில் வரை கம்பி கொணர்வதிலேயே கழிகிறது என்று உணர்ந்தனர். கம்பி இல்லாத ஊர்களுக்கென்று கார்டெக்ட் என்னும் கம்பியில்லா முறையை ஆக்கினர். கம்பி உள்ள இடங்களுக்கென்று டயாஸ் என்னும் முறையை ஆக்கினர்; அது பழைய ஜோடிக் கம்பி ஒன்றிலேயே பேச்சையும் இணையத்தையும் ஒருங்கே தந்தது. இல்லாத இடத்தில் இன்றியே செய்க, உள்ள இடத்தில் உள்ளதைப் பேணுக என்னும் இந்த அறிவு போற்றத்தக்கது. 2005 சனவரியில் பி.எஸ்.என்.எல். தன் பழங்கம்பிகளின் வழியே அகன்ற அலைவரிசை இணையம் தரத் தொடங்கியது. அந்நாளில் நொடிக்கு 256 கிலோபிட் என்பதே அகலத்தின் அளவுகோல்!

நம் வீட்டுச் சுவரில்

இனி எங்கள் கூட்டத்துக்கு வருவோம். கையில் கைப்பேசி இருக்க இன்டர்காம் எதற்கு என்றனர் இளைஞர். சுவரைப் பிளந்து புதுக் கம்பி இட வேண்டும் என்றார் ஒப்பந்தக்காரர். மேல்மாடியில் தனித்து வாழும் முதிய அம்மையார் ஒருவர் எழுந்தார். இரவில் நெஞ்சு அடைத்தால் கைப்பேசியில் பெயர் தேட என் கண்ணுக்கு இயலுமா, ஒற்றை எண்ணை அழுத்தினால் காவலர் பேசும் அந்தக் கருவியை என்னிடமிருந்து எடுப்பீர்களா என்று கேட்டார். கூட்டம் மௌனமாயிற்று. எங்கள் வழக்கின் உயிர்நாடி அதுவே.

பழங்கம்பியைக் கொண்டே புதுமை காண வழிகள் மூன்று. முதலாவது, வீட்டுக் கருவியையும் கம்பியையும் அவ்வாறே விட்டு, காவலர் அறையிலுள்ள நடுவண் பெட்டியை மட்டும் மாற்றுதல். பழைய தொலைபேசியின் மொழியை வலைமொழியாகப் பெயர்க்கும் பெட்டி அங்கே அமையும். இரண்டாவது, கம்பியின் இரு முனைகளிலும் டி.எஸ்.எல். வகை மாற்றிகளைப் பொருத்திப் படமும் பேச்சும் செலுத்துதல். மூன்றாவது, ஒரே ஜோடியில் ஒரு கிலோமீட்டர் வரை நொடிக்கு ஒரு கோடி பிட் செலுத்துமாறு 2019இல் வகுக்கப்பெற்ற ஒற்றை ஜோடி ஈதர்நெட் முறை. பேச்சு ஒன்றுக்கு நொடிக்கு ஒரு லட்சம் பிட்டும் தேவையில்லை. ஆயின் கம்பியின் தரம் குன்றினால் தொலைவும் வேகமும் குன்றும்.

இவற்றுள் எதனைத் தேர்ந்தாலும் முதலில் கம்பியைச் சோதித்தல் வேண்டும். ஈரம் புகுந்த இணைப்புகளும் துருவேறிய முனைகளும் எங்கே உள்ளன எனக் காணல் வேண்டும். சில பழங்கட்டடங்களில் எல்லா வீடுகளுக்கும் பொதுவாக ஒரு கம்பியும், வீட்டுக்கு ஒரு தனிக்கம்பியுமாக இட்டிருப்பர். அவை முறுக்கிய ஜோடிகள் அல்ல. ஆதலின் வேக வலைக்கு உதவா. 1881ஆம் ஆண்டின் பாடத்தை மறந்ததன் விலை அது.

நாங்கள் முதல் வழியையே தேர்ந்தோம். சோதித்தபோது பெரும்பாலான ஜோடிகள் நலமாகவே இருந்தன. கீழ்த்தளத்தில் நீர் கசிந்த இடத்தில் சென்றவை மட்டுமே கெட்டிருந்தன. அவற்றை மாற்றினோம். ஒரு பிழையும் செய்தோம். புதிய பெட்டிக்கு மின்கலம் வைக்க மறந்தோம். முதல் முறை மின்சாரம் நின்றபோது அமைப்பு முழுவதும் ஊமையாயிற்று. பழைய முறை தானே தந்த பாதுகாப்பைப் புதிய முறைக்கு நாமே தேடித் தர வேண்டும் என்பதை இருட்டில் நின்று கற்றோம். மறுநாளே மின்கலம் வந்தது.

அன்பர்களே, புதியதை நாம் வெறுக்க வேண்டியதில்லை. பழையதை வணங்கவும் வேண்டியதில்லை. சுவரை இடிக்குமுன் அதற்குள் இருப்பது யாது, அது யாருக்குப் பயன்படுகிறது என்று ஒருமுறை கேட்டல் வேண்டும். எங்கள் மேல்மாடி அம்மையார் நாள்தோறும் இரவில் படுக்குமுன் அந்த ஒற்றை எண்ணை அழுத்துகிறார். காவலர் எடுத்து, “இருக்கிறேன் அம்மா” என்கிறார். அவ்வளவே பேச்சு. அந்தச் சொல்லைச் சுமந்து செல்வது அதே பழங்கம்பிதான்.