சாமை விடுபட்ட பட்டியல்: கொல்லிமலைப் பயிர் மரபுவளமும் பன்னாட்டு உடன்படிக்கையும்

உணவுக்கும் வேளாண்மைக்குமான தாவர மரபுவளங்கள் பற்றிய பன்னாட்டு உடன்படிக்கை, 2001 நவம்பர் 3ஆம் நாள் ரோம் நகரில் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் மாநாட்டில் ஏற்கப்பட்டது. 2002 ஜூனில் இந்தியா அதற்கு ஒப்புதலளித்தது. 2004 ஜூன் 29 முதல் அது நடைமுறைக்கு வந்தது. உறுப்பு நாடுகள் தமக்குள் தடையின்றிப் பகிர்ந்துகொள்ள வேண்டிய பயிர்களை அதன் முதலாம் இணைப்பு வரையறுக்கிறது. அவ்விணைப்பில் மரவள்ளி உண்டு, கேழ்வரகு உண்டு, சாமை இல்லை. கொல்லிமலையின் வேளாண் வரலாற்றோடு சேர்த்துப் பார்க்கும்போது இவ்விடுபாடு தனிக் கவனம் பெறுகிறது.

மலையும் பயிரும்

வல்வில் ஓரியின் நாடாகச் சங்க இலக்கிய மாணவர் அறிந்த கொல்லிமலை, இன்று நாமக்கல் மாவட்டத்தில் உள்ளது. இங்கு வாழ்வோரில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்து மலையாளிகளோடு இப்பெயரைக் குழப்பிக்கொள்ளலாகாது. பள்ளத்தாக்கில் நெல்லும் சரிவுகளில் சாமை, கேழ்வரகு, தினை முதலிய சிறுதானியங்களும் விளைந்தன. சாமை என்பது இங்கு ஒரு பொதுப்பெயரே. கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, பெருஞ்சாமை, திரிகுலாச் சாமை என உழவர் பிரித்தறிந்த வகைகள் முதிரும் காலத்தாலும் ஏற்ற நிலத்தாலும் வேறுபடுபவை. வகைகளுக்குப் பெயரிட்டு, அவற்றைக் கலவாமல் காத்த அறிவின் பெரும்பகுதி, விதை தேர்ந்து சேமித்த பெண்களுடையது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சேலம், ஆத்தூர், இராசிபுரம் வட்டாரங்களின் சவ்வரிசி ஆலைகள் மரவள்ளிக்கு நிலையான சந்தையாயின. லாரி ஏறத்தக்க சாலை அமைந்தபின் கிழங்கு மலையிலிருந்து இறங்கியது. சாமைப் புனங்கள் குறைந்தன. விலையை மட்டும் காரணமாகக் கூறுதல் போதாது. சாமையின் உமி கடினமானது. உரலிலிட்டுக் குற்றிப் புடைத்து அரிசியாக்கும் உழைப்பு முழுதும் பெண்கள் தோளில் விழுந்தது. நியாயவிலைக் கடையில் நெல்லரிசி கிடைத்தபின் அவ்வுழைப்பைத் துறந்ததற்காக அவர்களைக் குறைகூற இயலாது.

பட்டியலின் பிறப்பு

மரபுவளப் பகிர்வுக்கான முதல் பன்னாட்டு ஏற்பாடு 1983ஆம் ஆண்டின் பன்னாட்டுப் பொறுப்பேற்பாகும். சட்டக் கட்டாயமற்ற அந்த ஆவணம் பயிர் மரபுவளங்களை மானுடத்தின் பொதுச் சொத்தாகக் கருதியது. அப்போது உணவு வேளாண்மை அமைப்பின் மன்றத்திற்குத் தலைமை வகித்தவர் எம்.எஸ். சுவாமிநாதன். அவர் தலைமையில் நடந்த கீஸ்டோன் பன்னாட்டு உரையாடலின் இரண்டாம் கூட்டம் 1990இல் சென்னையில் கூடி, உழவர் உரிமைக்கு வலுச் சேர்த்தது. 1992ஆம் ஆண்டின் பல்லுயிர் உடன்படிக்கை, மரபுவளங்களின் மீது அந்தந்த நாட்டுக்கு இறையாண்மை உண்டு என்றது. எல்லாம் எல்லோர்க்கும் பொது என்ற பழைய நிலை அத்துடன் முடிந்தது.

எனவே எந்தப் பயிரைப் பொதுவில் வைப்பது என்பது பேரத்திற்குரியதாயிற்று. உணவுப் பாதுகாப்பும் நாடுகளின் ஒன்றையொன்று சார்ந்த நிலையும் அளவுகோல்கள் எனப்பட்டன. ஆயினும் சோயாவும் நிலக்கடலையும் விடுபட்டமை, அளவுகோலினும் அரசியல் வலியது என்பதைக் காட்டும். தெற்காசியாவிலேயே பெரிதும் பயிராகும் சாமைக்காக வாதாடும் தேவை பிற நாடுகளுக்கு எழவில்லை. தென்னமெரிக்காவில் தோன்றி மூன்று கண்டங்களின் உணவான மரவள்ளிக்கோ இடம் எளிதாகக் கிடைத்தது.

தொம்பையும் அரவை எந்திரமும்

பட்டியலுக்குப் புறத்தேதான் சாமைக்கு உதவி வந்தது. 1988இல் தொடங்கப்பட்ட எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் கொல்லிமலையில் பணியைத் தொடங்கியது. 2001 முதல், வேளாண் வளர்ச்சிக்கான பன்னாட்டு நிதியத்தின் ஆதரவுடன், புறக்கணிக்கப்பட்ட பயிர்களுக்கான திட்டம் ஒன்று நடைபெற்றது. அதில் இந்தியா, நேபாளத்தின் சிறுதானியங்களும் பொலிவியா, பெரு, ஈக்வடார் நாடுகளின் ஆண்டீஸ் மலைத் தானியங்களும் ஒருங்கே இடம்பெற்றன. அடுத்த பத்தாண்டில் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகமும் இந்நிறுவனத்துடன் இணைந்தது.

ஊர் விதை வங்கிகளில் மரபான தொம்பைகள் மீண்டும் எழுந்தன. கடனாகப் பெற்ற விதையை அறுவடைக்குப்பின் கூடுதல் அளவோடு திருப்புவது முறையாயிற்று. எனினும் விதை வங்கியினும் பெரிய மாற்றத்தை உமிநீக்கும் எந்திரமே கொணர்ந்தது எனலாம். உண்ணப்படாத தானியத்தின் விதையை எந்த வங்கியும் நெடுங்காலம் காப்பதற்கில்லை.

உரிமைச் சிக்கல் மட்டும் தீரவில்லை. உடன்படிக்கையின் ஒன்பதாம் உறுப்பு உழவர் உரிமையை ஏற்றாலும், நிறைவேற்றும் பொறுப்பை அந்தந்த அரசிடம் விட்டது. இந்தியாவின் 2001ஆம் ஆண்டுச் சட்டம் உழவர் விதையைச் சேமிக்கவும் பகிரவும் விற்கவும் உரிமையளித்தது. ஆனால் மலையின் சாமை விதையை அயல்நாட்டு ஆய்வாளர் நேரடியாகப் பெற, 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டப்படி சென்னையிலுள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் முன்னனுமதி வேண்டும். பன்னாட்டு ஆய்வு மையங்களில் 2004க்கு முன்பே சேர்ந்துவிட்ட சாமை மாதிரிகளோ, பட்டியலில் இல்லாதபோதும், 2007இல் உடன்படிக்கையின் ஆளுகைக் குழு எடுத்த முடிவின்படி பொது ஒப்பந்தப் படிவத்தின் கீழ் வழங்கப்படுகின்றன. அப்படிவத்தில் தருபவர், பெறுபவர் என இரு தரப்பினரே உண்டு. விதை புறப்பட்ட ஊர் அவற்றுள் ஒன்றன்று.