கொழுந்துக் காசில் எடுத்த படம்

ஆவணப்படத்துக்கு நிதி கேட்டு விண்ணப்பிச்ச ஆக்களுக்கு அந்தப் படிவம் தெரிஞ்சிருக்கும். படத்தின் முடிவு என்ன, யார் பார்ப்பார்கள், பார்த்தபிறகு என்ன மாற்றம் வரும். இன்னும் ஒரு ஆளோடகூட இருந்து கதைக்காத நேரத்தில இதுக்கெல்லாம் பதில் எழுதவேணும். நாங்கள் நாலுபேர், 1977க்குப் பிறகு வன்னியில் வந்து குடியேறின மலையகக் குடும்பங்களைப் பற்றி ஒரு படம் எடுக்க யோசிச்சு, அப்படி ஒரு படிவத்தோட மல்லுக்கட்டிக்கொண்டிருந்த கிழமையிலதான் 'சோங் ஒஃப் சிலோன்' படத்தை முதல்தரம் முழுசாப் பார்த்தேன். 1934இல் எடுத்தது. உலக ஆவணப்பட வரலாற்றைப் படிக்கிற எல்லாரும் கட்டாயம் பார்க்கிற படம். பார்த்து முடிய எனக்கு வந்த முதல் கேள்வி, இதுக்கு யார் காசு குடுத்தது எண்டதுதான்.

குடுத்தது இலங்கைத் தேயிலைப் பிரசார சபை. 1932இல் தொடங்கப்பட்டது. ஏற்றுமதியாகும் தேயிலையில் அறவிட்ட செஸ் வரிதான் அதன் வருமானம். வெளிநாடுகளில் சிலோன் தேயிலையின் பெயரைப் பரப்புவது அதன் வேலை. சபை கேட்டதும் பெரிய விசயமில்லை: இலங்கையைக் காட்டும் நாலு சின்னப் பயணப் படங்கள். இலண்டனில் ஜோன் கிறியர்சனின் படப்பிரிவு பசில் றைட்டை அனுப்பியது. அப்ப அவருக்கு 26 வயசு.

அவர் திரும்பிப் போய்ச் செய்து முடிச்சதோ ஏறக்குறைய நாற்பது நிமிச ஒரே படம். நாலு என்ற கணக்கு மட்டும் நாலு பகுதிகளாக மிஞ்சியது: 'புத்தர்', 'கன்னித் தீவு', 'வணிகத்தின் குரல்கள்', 'ஒரு கடவுளின் ஆடை'. சிவனொளிபாதமலைக்கு ஏறும் யாத்திரிகர்களோடு தொடங்கி, பொலன்னறுவைச் சிலைகளுக்கும் கண்டிய நடனத்துக்கும் போய் முடிகிறது. தேயிலை வருவது மூன்றாம் பகுதியில்தான். காசு குடுத்த சபை இதை ஏற்றுக்கொண்டதை நினைக்க இண்டைக்கும் ஆச்சரியம். 1935இல் பிரசல்ஸ் திரைப்பட விழாவில் முதல் பரிசும் எடுத்தது.

முடிவு தெரியாமல் தேடித் திரியிறதுக்கும் காசு வேணும் எண்டதை இப்ப சில நிதியங்கள் ஒத்துக்கொள்ளுகின்றன. 1965இல் உருவான அமெரிக்காவின் தேசிய மானுடவியல் நிதியம், ஆவணப்படங்களின் ஆய்வுக்கும் திட்டமிடலுக்கும் ஒரு மானியம், தயாரிப்புக்கு வேறொரு மானியம் என்று பிரிச்சு வைத்தது. துறைசார் அறிஞர்களோடு இருந்து யோசிக்க வேண்டியது அந்த முதல் கட்டத்தில்தான். றைட்டுக்கு அப்படி ஒரு மானியம் இல்லை. அவர் பயணப் படக் காசிலேயே அந்தத் தேடலையும் செய்துகொண்டார்.

அந்தத் தேடலில் அகப்பட்டதுதான் றொபேர்ட் நொக்ஸின் புத்தகம். 1660இல் மூதூர்ப் பக்கம் பிடிபட்டு, கண்டி இராச்சியத்தில் ஏறக்குறைய 19 வருசம் கைதியாக இருந்து, 1679இல் மன்னார் அரிப்பிலிருந்த ஒல்லாந்தரிடம் தப்பி வந்தவர் நொக்ஸ். 1681இல் அவர் வெளியிட்ட நூலிலிருந்துதான் படத்தின் வர்ணனை வருகிறது. வாசிக்கிற குரல் லயனல் வென்ட்டுடையது. கொழும்பில் நாடகம் பார்க்கப் போற மண்டபம் இவருடைய பெயரில் உள்ளதுதான். 250 வருசப் பழைய வசனங்கள் அந்தக் காலத்துக் கிராமத்தின் மேல் வந்து விழும்போது, உண்மையிலேயே மயிர்க்கூச்செறியும்.

ஆனால் இங்கதான் எனக்கு இடிக்குது. 1681இல் வந்த புத்தகத்தில் தோட்டத் தொழிலாளி இருக்க ஏலாது. கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் எண்டு தென்னிந்தியாவிலிருந்து சனங்களைக் கொண்டுவந்தது 19ஆம் நூற்றாண்டில். அந்த நூலைக் கையில் எடுத்த அண்டைக்கே, யாருக்கு வரலாறு இருக்கும் யாருக்கு இருக்காது எண்டது பாதி முடிவாகிவிட்டது. வயலில் நிற்பவருக்கு நொக்ஸின் வசனம் கிடைக்கிறது. யாத்திரை போறவருக்குக் கடவுள் கிடைக்கிறார். கொழுந்து பறிக்கிற பெண் வரும் பகுதியில் கேட்பது ஆங்கிலத்தில் சந்தை விலையும் கப்பல் செய்தியும்.

நியாயமாகச் சொன்னால், இதில் றைட்டுக்கு ஒரு விமர்சனம் இருந்தது. அந்த மலைக்கு அந்த விலைக் குரல்கள் பொருந்தாமல் இருப்பதை வேண்டுமென்றேதான் செய்தார். ஒலியை இலண்டனில் சேர்த்ததால் இங்குள்ள யாருமே நேராகப் பேசவும் முடியாது. இதையெல்லாம் ஒத்துக்கொள்ளலாம். ஆனாலும் செஸ் வரியைக் கட்டினது ஏற்றுமதிக்காரர் எண்டு கணக்குப் புத்தகம் சொன்னாலும், அந்தத் தேயிலையைப் பறிச்ச கை எது எண்டு எல்லாருக்கும் தெரியும். நிதியின் அடியில் நிற்கிறவளுக்குப் படத்தில் பேரும் இல்லை, கடந்தகாலமும் இல்லை. படம் வந்து 14 வருசத்தில, 1948இன் குடியுரிமைச் சட்டம் அந்தச் சனங்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. படத்தால் சட்டம் வந்தது எண்டு சொல்லேல்ல. ரெண்டையும் பக்கத்தில வைச்சுப் பார்க்காமல் இருக்க எனக்கு முடியேல்ல, அவ்வளவுதான்.

எங்கட படிவத்தில், எதை வாசிச்சுத் தொடங்குறீங்கள், யாரிட்ட முதல் கேட்டீங்கள் எண்ட கேள்வியே இல்லை. கடைசியில் நாங்களாகவே ஒரு பக்கம் சேர்த்து, ஆறு மாசம் கமெரா இல்லாமல் போய்வர பஸ் காசும் சாப்பாட்டுக் காசும் கேட்டு எழுதினோம். முடிவு என்ன எண்ட பெட்டியில் 'இன்னும் தெரியாது' எண்டு போட்டோம். பதில் இன்னும் வரேல்ல.