பிளேனாவன் மலைவழி

வேல்ஸ் நாட்டின் தென்கிழக்கிலே பிளேனாவன் என்னும் சிறு நகரொன்று உளது. ஆற்றின் தலை என்பது அப்பெயரின் பொருள். அவ்வூரைச் சூழ்ந்த குன்றுகளில் இன்று நடைப்பிரியர் பலர் உலாவுகின்றனர். இனிய காற்று, பரந்த வெளி, தூரத்தே மேயும் செம்மறிகள் ஆகியவற்றைக் கண்டு மகிழ்ந்து திரும்புவோரும் உண்டு. ஆயின் தம் கால் மிதிக்கும் பாதை ஏன் அத்துணைச் சமமாக மலையைச் சுற்றிச் செல்கிறது என்று கேட்பவர் சிலரே. அக்கேள்விக்கு விடை தேடுவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

1789ஆம் ஆண்டளவில் இவ்வூரில் இரும்பு உருக்கும் ஊதுலைகள் எழுந்தன. இரும்புக்கல், நிலக்கரி, சுண்ணக்கல் ஆகிய மூன்றும் அண்மையிலேயே கிடைத்தமையால் முதலாளிகள் இவ்விடத்தைத் தெரிந்தெடுத்தனர். பொருள் இருந்தது, போக்குவரத்து இல்லை. ஊருக்கும் வாய்க்காலுக்கும் இடையே புளோரெஞ்ச் என்னும் மலை நின்றது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தாமஸ் ஹில் என்பவர் அம்மலைப் புறத்தே ஒரு தண்டவாளப் பாதை அமைப்பித்தார். அதன் ஒரு பகுதி, ஒரு மைலுக்கும் அதிகமான நீளமுள்ள சுரங்கவழியாக நிலத்தினுள்ளே சென்றது. குதிரைகள் இழுத்த தண்டவாளங்களுக்கென அந்நாட்டில் அமைந்த சுரங்கவழிகளுள் அதுவே மிக நீண்டது என்பர்.

வண்டிகளை இழுத்தவை குதிரைகளாதலின் பாதை செங்குத்தாக ஏறுதல் ஆகாது. ஆகவே மலையின் இடுப்பைச் சுற்றி மெல்லச் சரியும்படி அதனை வெட்டினர். குதிரை இடறாமல் நடுவே நடப்பதற்காகக் குறுக்குக் கட்டைகளை விலக்கி, இருபுறமும் தனித்தனிக் கற்களைப் பதித்துத் தண்டவாளத்தை அவற்றின்மீது பொருத்தினர். ஆணி அறைந்த துளையோடு கூடிய அக்கற்கள் வழியிற் சில இடங்களில் இன்றும் கிடக்கின்றன. இன்று நடப்பவனுக்கு மூச்சு வாங்காதிருப்பது அன்றைய குதிரைக்குச் செய்த சலுகையின் பயன். வழியிலே கார்ன் டிரிஸ் என்னும் பட்டறையிருந்த இடத்தில் கல்லாய் இறுகிய பெருங்கசடு ஒன்று நிற்கின்றது. அப்பால் லான்ஃபொயிஸ்ட் துறைக்கு இறங்கும் செங்குத்துச் சரிவிலே, கீழிறங்கும் பாரவண்டியின் கனமே வெறுவண்டியை மேலே இழுத்தது. துறையிலிருந்து வாய்க்கால் ஓடங்கள் இரும்பை நியூபோர்ட் துறைமுகம் நோக்கிச் சுமந்தன.

இனி ஊருக்குள் மீள்வோம். தேவாலயத்தருகே 1816இல் கட்டப்பெற்ற பள்ளிக்கூடமொன்று உண்டு. ஆலை முதல்வராயிருந்து மறைந்த சாமுவேல் ஹாப்கின்ஸ் நினைவாக அவர் சகோதரி சாரா ஹாப்கின்ஸ் தொழிலாளர் பிள்ளைகளுக்கென அதனை நிறுவினார். போற்றத்தக்க செயலே. ஆயினும் ஆசிரியத் தொழிலிலே முப்பது ஆண்டுகள் கழித்த எனக்கு அந்த ஆண்டைக் கேட்டவுடன் வேறோர் ஆண்டு நினைவுக்கு வருகின்றது. பெண்களும் பத்து வயதுக்குட்பட்ட சிறுவரும் நிலத்தடியில் வேலை செய்தலாகாது என்னும் சட்டம் 1842இலேயே பிறந்தது. பள்ளி மணி ஒலித்த அந்த இருபத்தாறு ஆண்டுகளிலும் தென் வேல்ஸ் சுரங்கங்களில் சிறு குழந்தைகள் இருளில் அமர்ந்து, வண்டி வரும்போது காற்றுக் கதவைத் திறந்தும் மூடியும் நாளைக் கழித்தனர். விளக்குக்கு எண்ணெய் தீர்ந்தால் இருளே துணை. எந்த வரவேட்டிலே அப்பிள்ளைகளின் பெயரைத் தேடுவது?

1878இல் இவ்வூர் ஆலையிலே சிட்னி கில்கிறிஸ்ட் தோமசும் அவர் மைத்துனர் முறையான பெர்சி கில்கிறிஸ்டும் பொசுபரசு கலந்த இரும்புக்கல்லிலிருந்தும் நல்ல உருக்குச் செய்யும் முறையைக் கண்டனர். உலகுக்குப் பெரும்பயன், பிளேனாவனுக்கோ அது வினையாயிற்று. செருமனியும் அமெரிக்காவும் தத்தம் மண்ணின் கல்லைக்கொண்டே உருக்குச் செய்யத் தொடங்கின. இரும்பு மங்க, நிலக்கரியே ஊரின் வாழ்வாயிற்று.

அவ்வாழ்வின் கடைசிப் பெருஞ்சுரங்கமாகிய பிக் பிட் 1980 பெப்ரவரியில் மூடப்பட்டது. வேலையிழந்த ஊர் கலைந்து போயிருக்கலாம். ஆனால் 1983இல் அச்சுரங்கமே பொருட்காட்சியகமாகத் திறக்கப்பட்டு, அதிலே உழைத்தவர்களே வழிகாட்டிகளாயினர். தலைக்கவசமும் விளக்கும் அணிந்து முந்நூறு அடி ஆழம் இறங்குவோர் தீக்குச்சியையும் மின்கலமுள்ள கடிகாரத்தையும் மேலேயே கொடுத்துவிடல் வேண்டும். எரிவாயு அச்சம் காட்சிக்காக வைத்த நடிப்பன்று. கீழே ஓரிடத்தில் வழிகாட்டி எல்லோரையும் விளக்கணைக்கச் சொல்வார். தன் கையைத் தான் காணமுடியாத அவ்விருளிலே சிறிது நேரம் ஒருவரும் பேசுவதில்லை.

2000ஆம் ஆண்டிலே யுனெஸ்கோ இந்நிலப்பரப்பை உலக மரபுரிமையாக ஏற்றது. ஊதுலையும், சுரங்கமும், மலைவழியும் அதனுள் அடங்கும். சாரா ஹாப்கின்ஸ் கட்டிய பள்ளிக்கூடம் இன்று அம்மரபுரிமையை விளக்கும் நிலையமாயுள்ளது. மலைவழி நடப்போர் பலர் அதன் வாயிலிலிருந்தே புறப்படுகின்றனர்.