முத்துக்குளித்துறையில் அடிமை வணிகம்

இன்றைய ஆறுமுகநேரி, காயல்பட்டினம், தூத்துக்குடி ஆகிய ஊர்கள் அடங்கிய கடற்பகுதியான முத்துக்குளித்துறையில், 1658இல் போர்த்துகீசியரிடமிருந்து தூத்துக்குடியைக் கைப்பற்றிய ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பெனி, துணியும் முத்தும் வாங்கியதோடு மனிதர்களையும் விலைக்கு வாங்கியது. மதுரை நாட்டில் மழை பொய்த்துப் பஞ்சம் நீடித்த 1673–77 காலத்தில் மட்டும் இக்கரையிலிருந்து 1,839 பேர் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டனர். பசியால் தம்மையும் பிள்ளைகளையும் விற்க நேர்ந்தவர்கள் விரும்பி விலைபோனதாகக் கொள்வது அநீதியாகும். பின்னர் இக்கரை ஆங்கிலேயர் ஆட்சிக்குள் வந்தபோதும் அடிமைமுறை உடனே ஒழியவில்லை: கரீபியத் தீவுகளின் கரும்புத் தோட்ட அடிமைகளை விடுவிக்க 1833இல் இயற்றப்பட்ட பிரித்தானியச் சட்டம், ஆங்கிலேயக் கம்பெனியின் இந்திய ஆட்சிப்பகுதிகளுக்கு விலக்களித்தது. 1843ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம், அடிமையின் மீதான உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கலாகாது என விதித்ததேயன்றி, அடிமை வைத்திருப்பதைக் குற்றமாக்கவில்லை. ஒருவரை அடிமையாக வாங்குவதும் விற்பதும் 1862இல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின்படியே தண்டனைக்குரிய குற்றங்களாயின.