கணக்கேடு யார் கையில்?
பினாங்குத் தமிழ்க் குடும்பங்களின் பணச் சரித்திரம்

ஒரு குடும்பம் ஏழ்மையில் ஆழ்ந்தது ஏன் என்று கேட்டால், வருவாய் போதவில்லை என்பர் சிலர்; சிக்கனம் இல்லை என்பர் வேறு சிலர். முதற்கூற்றில் உண்மையுண்டு. இரண்டாவது, பெரும்பாலும் வயிறு நிறைந்தவர் பசித்தவருக்குச் செய்யும் உபதேசமேயாம். பினாங்குத் தீவிலும் அதன் எதிர்க்கரையாகிய செபராங் பிறையிலும் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களின் பண நடப்பை ஒன்றரை நூற்றாண்டுக்கு ஆராய்ந்து பார்க்குங்கால், மூன்றாவதொரு காரணமும் நமக்குப் புலனாகின்றது. அவர்களுடைய வரவையும் செலவையும் எழுதிய ஏடு அவர்கள் கையில் இருந்ததில்லை.

வெல்லெஸ்லி மாகாணம் என்று முன்னர் வழங்கிய செபராங் பிறையில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்கள் பெருகின. நாகப்பட்டினத்தில் கப்பலேறிய ஒப்பந்தக் கூலியாள் பினாங்குத் துறையில் கால் வைக்கும்போதே கடனாளி. கப்பற்கூலியும் முன்பணமும் அவன் பேரில் பற்றெழுதப்பட்டு, அவன் கூலியிலிருந்தே பிடிக்கப்பட்டன. எவ்வளவு பற்று, எவ்வளவு கழிந்தது, மிச்சம் என்ன என்பதை அறிந்தவர் எழுதியவர் மட்டுமே. கைநாட்டு வைத்தவனுக்கு அது மசியின் கறை, அவ்வளவே.

1907இல் ஏற்பட்ட குடியேற்ற நிதியால் கப்பற்கூலிச் சுமையை முதலாளிமார் பொதுவில் ஏற்றனர். 1910இல் ஒப்பந்த முறையும் நீங்கிற்று. கரும்பு போய் ரப்பர் வந்தது. ஆயினும் கடன் ஒழிந்ததோ எனின், இல்லை; அது குடிபெயர்ந்தது. கப்பலிலிருந்து இறங்கி, கங்காணியின் பெட்டிக்கும் தோட்டத்து மளிகைக் கடைக்கும் போய்ச் சேர்ந்தது. பல இடங்களில் கங்காணியே கடைக்காரருமாவார். கடைப்பற்றுக்கு இரண்டு புத்தகங்கள் உண்டு. ஒன்று கடைக்காரர் மேசையில் இருப்பது. மற்றொன்று குடும்பத்தினிடம் கொடுக்கப்படும் சிறு புத்தகம். குடும்பத்தின் புத்தகத்திலும் எழுதுகிறவர் கடைக்காரரே! அரிசி இவ்வளவு, மிளகாய் இவ்வளவு என்று விலை கேட்டு வாங்கும் உரிமை ரொக்கக்காரனுக்கு உண்டு. பற்றுக்காரனுக்கு எங்கிருந்து வரும்? சம்பள நாளன்று கடைக்காரர் ஆபீசு வாசலில் நிற்பார். மிஞ்சியதில் ஒரு பகுதி கள்ளுக்கடைக்கு. இதனைக் கண்டு மனம் பொறாத கெடா மாநிலத்துத் தொழிலாள இளைஞர்கள் தொண்டர் படை அமைத்து, 1947இல் பீடோங் பக்கத்தில் கள்ளுக்கடை மறியல் செய்ததும் போலீசார் அதனை அடக்கியதும் சரித்திரம். அதனை வெறும் ஒழுக்கப் போராட்டமாகக் கருதுவோர் பாதியையே கண்டவராவர். அது வீட்டுப் பணத்தை வீட்டிற்கு மீட்கும் போராட்டமுமாகும்.

நகரத்தார் நிலைமை வேறு. ஜார்ஜ் டவுனில் பினாங்குத் தெருவிலே நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. நீண்ட கூடத்தில், தரையில் பாய் விரித்து, குறுமேசையும் பெட்டகமுமாக ஒருவர் பக்கத்தில் ஒருவர் அமர்ந்து, பேரேட்டைத் தமிழிலேயே எழுதுவர். இவர்களைக் குறை கூறுவது இன்று எளிது. வெள்ளைக்கார பாங்கிகள் கதவைத் திறவாத காலத்தில் சிறு வியாபாரிக்கும் தோட்டம் போட்டவனுக்கும் பணம் தந்தவர் இவர்களே; கணக்கிலே துல்லியமும் உடையவர்கள். ஆனால் வட்டி வட்டிதான். பிராமிசரி நோட்டில் கையெழுத்திட்டுச் சிக்கியவர்கள் படியாதவர்கள் அல்லர் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். இங்கிலீஷ் படித்த கிராணிமாரும் அரசாங்கக் குமாஸ்தாக்களுமே அக்கடனில் முழுகினர். நம் வகுப்பாரின் கோட்டும் கழுத்துப்பட்டையும் கடனிலே தைத்தவை என்று சொன்னால் வாசகர் சினவாதிருப்பாராக. அந்தச் சம்பளக்காரர் கடனைத் தீர்க்கவே 1922இல் ஐக்கிய மலாய் நாடுகளில் கூட்டுறவுச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டே தபால் தந்தி இலாகா ஊழியர்கள் சிக்கன நாணயச் சங்கம் ஒன்றைப் பதிவு செய்தனர். பினாங்கு உள்ளிட்ட நீரிணைக் குடியேற்றங்களுக்கு அத்தகைய சட்டம் 1924இல் வந்தது. பின்னர்த் தோட்டங்களிலும் தொழிலாளர் சங்கங்கள் தோன்றின. சங்கத்தின் ஏட்டை அங்கத்தினர் எவரும் கேட்டுப் பார்க்கலாம். இதுவே அதன் புதுமை.

ஏடே இல்லாத ஒரு முறையும் உண்டு. அதுதான் கூட்டு. பத்துப் பேர் மாதம் 100 வெள்ளி போட்டால் 1,000 வெள்ளி சேரும். அவசரக்காரன் 150 வெள்ளி தள்ளி ஏலங்கேட்டு 850 எடுத்துக்கொள்வான். தள்ளிய தொகை மற்றவர்க்கு இலாபம். அண்டை வீட்டார் ஒருவரையொருவர் நம்பி நடத்தும்வரை இது ஏழையின் பாங்கியே. அதனைத் தொழிலாக்கி, முகமறியாதவரிடமெல்லாம் வசூலித்துத் தலைவர் தலைமறைவானபோதுதான் குடும்பங்கள் தெருவில் நின்றன. 1971இல் மலேசிய அரசாங்கம் கூட்டு நிதித் தடைச் சட்டம் கொண்டு வந்தது. சட்டத்தின் பெயரிலேயே 'கூட்டு' என்னும் சொல் ஏறியிருப்பது பெருமையா சிறுமையா என்பதை வாசகரே தீர்மானிக்கலாம்.

யுத்தம் வந்தது. 1941 டிசம்பர் 11இல் ஜார்ஜ் டவுன்மீது குண்டு விழுந்தது. 19ஆம் தேதி ஜப்பானியர் நகரில் புகுந்தனர். அவர்கள் அச்சிட்ட பத்து வெள்ளி நோட்டில் வாழைமரம் இருந்தமையால் ஜனங்கள் அதற்கு வாழைமர நோட்டு என்றே பெயரிட்டனர். வரவர அதன் மதிப்பு சருகாயிற்று. 1945 செப்டம்பர் 3இல் பிரிட்டிஷ் படை மீண்டும் பினாங்கில் இறங்கியது. அந்நோட்டுச் செல்லாது என்று அறிவிக்கப்பட்டதும், பாயடியிலும் தகரப் பெட்டியிலும் சேர்த்து வைத்திருந்த மூன்றரை ஆண்டு உழைப்பு ஒரே நாளில் விளையாட்டுக் காகிதமாயிற்று.

இவ்விடத்தில் சற்று நின்று ஆராய்தல் வேண்டும். எல்லாரும் ஒருபடியாக இழந்தாரல்லர். யுத்தகாலக் கொடுக்கல் வாங்கலைச் சீர்செய்ய 1948இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. ஜப்பானிய நோட்டில் ஏற்பட்ட கடன்களை, அந்நோட்டின் மதிப்பு காலத்துக்கேற்பச் சரிந்த விகிதப்படி நல்ல பணத்தில் கணக்கிட அது வழிவகுத்தது. எவருக்கு இதனால் பயன்? பத்திரம் உடையவர்க்கு, பேரேடு உடையவர்க்கு. கடன் கொடுத்தவரும் வாங்கியவரும் ஏட்டைக் காட்டி வாதாடலாம். நோட்டுக் கட்டை மட்டும் கையில் வைத்திருந்த பால்வெட்டுக்காரன் எதைக் காட்டி யாரிடம் வாதாடுவான்? அவன் வீட்டில் தப்பியது மனைவியின் கழுத்திலும் காதிலும் கிடந்த பொன் ஒன்றே. நம் பெண்மக்களின் நகைப் பித்தைச் சீர்திருத்தக்காரர் பலர் கண்டித்துப் பேசியுள்ளனர். நாமும் ஆடம்பரத்தை ஆதரிப்பவரல்லோம். எனினும், எழுதப்படிக்கத் தெரியாத ஒருத்திக்குத் தானே எண்ணிப் பார்க்கக்கூடிய கணக்கு அதுவொன்றாகவே இருந்தது என்பதை அவர்கள் மறந்துவிட்டனர்.

1951 அக்டோபரில் ஊழியர் சேமநிதி தொடங்கியது. தொடக்கத்தில் தொழிலாளி சம்பளத்தில் நூற்றுக்கு 5, முதலாளி 5. தோட்டத்தில் பால் வெட்டுபவர் பெயருக்கும் நகரத்தில் பேனா பிடிப்பவர் பெயருக்கும் ஒரே நிதியில் கணக்கு உண்டாயிற்று. பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் வெளியேற்றப்பட்ட காலத்தில், 1960இல், வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். தொழிலாளர் சிறுகச் சிறுகச் செலுத்திய பங்குப் பணத்தால் அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. கூலிக்காரன் தோட்டத்துக்குப் பங்காளியானான்! இவ்வளவு நம்பிக்கையோடு நம்மவர் மீண்டும் பணம் போட்டது 1982இல் தோன்றிய மைக்கா நிறுவனத்தில். தாலிக்கொடியை அடகு வைத்தும் பங்கு வாங்கினவர் உண்டு. ஏறக்குறைய முப்பதாண்டுக்குப் பின், 2010இல், ஒரு வெள்ளிப் பங்குக்கு 80 காசு தந்து வாங்கிக்கொள்ள ஒருவர் முன்வந்தார். இடையில் நடந்த வாதங்களைப் பத்திரிகைகள் எழுதித் தீர்த்துவிட்டன. நாம் கேட்பது இதுவே: பங்குதாரருள் எத்தனை பேர் ஆண்டறிக்கையைத் தமக்குப் புரியும் மொழியில் கண்டனர்?

அக்கேள்விக்குப் பினாங்கு முன்னரே ஒருவகை விடை கண்டிருந்தது. 1969இல் அந்நகரில் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் தோன்றிற்று. ஏறக்குறைய அரை நூற்றாண்டு அதற்குத் தலைமை வகித்த எஸ். எம். முகமது இத்ரீஸ் தமிழ்நாட்டில் பிறந்தவர். 2019 மே 17இல் மறைந்தார். குறைகூற வந்த இல்லத்தரசியைக் கீழே உட்காரவைத்து விசாரித்து, கடைக்காரருக்குக் கடிதம் எழுதும் சங்கம் அது என்று ஜனங்கள் அறிந்தனர். வாங்கும் சரக்கின் தரத்தையும் தவணைப் பத்திரத்தையும் எவ்வாறு படிப்பது என்பதனை மலாய், ஆங்கிலம், சீனத்தோடு தமிழிலும் அச்சிட்டுப் பரப்பியது.

தவணைப் பத்திரம் என்றதும் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுதல் நலம். 1,200 வெள்ளிக்குக் குளிர்பெட்டி. ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்து வட்டி என்கிறார் விற்பவர். வட்டி 120, ஆக 1,320 வெள்ளியை மாதம் 110 வீதம் பன்னிரண்டு மாதம் கட்டுகிறோம். பத்துதானே என்று மகிழ்கிறோம். ஆனால் மாதந்தோறும் முதல் குறைந்துகொண்டே வருகிறதன்றோ? சராசரியில் நம்மிடம் ஆண்டு முழுவதும் இருந்த கடன் 650 வெள்ளி அளவே. அதற்கு 120 வெள்ளி கொடுத்தால் உண்மை வட்டி நூற்றுக்குச் சுமார் 18 ஆகிறது. இதில் ஏமாற்று எதுவும் மறைவில் இல்லை. எல்லாம் பத்திரத்திலேயே அச்சாகியிருக்கிறது. 1999இல் வந்த பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் ஒரு நியாயமன்றமும் அமைந்தது. ஐந்து வெள்ளி கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமலே, இப்போது 50,000 வெள்ளி வரையுள்ள வழக்கை அங்கே கொண்டு செல்லலாம். ரசீது மட்டும் வேண்டும். ரசீதைச் சுருட்டிக் குப்பையில் போடும் வழக்கம் நம்மவரிடம் இன்னும் போகவில்லை.

சேமநிதிக் கணக்கு இப்போது கைப்பேசிக்குள் வந்துவிட்டது. பெருந்தொற்றுக் காலத்தில் சிறப்பு அனுமதிகளின் வழியே நாடு முழுவதும் அதிலிருந்து எடுக்கப்பட்ட தொகை சுமார் 14,500 கோடி வெள்ளி. 2024 மே 11 முதல், வேண்டும்போதெல்லாம் எடுத்துக்கொள்ளத்தக்க மூன்றாவது கணக்கு ஒன்றும் ஏற்பட்டுள்ளது. தோட்ட ஆபீசில் செக்ரோல் எழுதும் நம்மிடம், அதனைத் திறந்து காட்டச் சொல்லித் தொழிலாளர் வருகின்றனர். பெரும்பாலோர் கேட்பது, இன்று எவ்வளவு எடுக்கலாம் என்பதே. சென்ற மாதம் வந்த ஓர் அம்மையார் மட்டும், முதலாளி தம் பேரில் மாதந்தோறும் சரியாகக் கட்டியிருக்கிறாரா என்று முதலில் பார்க்கச் சொல்லி, ஒவ்வொரு மாதத்தையும் விரல்விட்டு எண்ணிக்கொண்டு போனார்.