பைபிள் பீரியடு எங்கே போச்சு?

ஏனாத்தூர்ல ஒரு பெரிய பல்கலைக்கழகம் இருக்கு. காஞ்சி சங்கர மடத்தோடது, 1993-ல நிகர்நிலை அந்தஸ்து வாங்கியது. சமஸ்கிருதமும் ஆயுர்வேதமும் இருந்தாலும் காலையில பஸ்ல தொங்கிக்கிட்டு வர்ற பசங்க பலருக்கு இன்ஜினியரிங்தான் குறி. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில, காஞ்சிபுரம் ஊருக்குள்ள ஆண்டர்சன் பள்ளி. அது கிறிஸ்தவப் பள்ளி. மதம் வேற வேற. ஆனா ரெண்டு வாசல்லயும் பெற்றோர் கேட்கிறது ஒரே கேள்வி: படிச்சா வேலை கிடைக்குமா?

ஜான் ஆண்டர்சன் இந்தக் கேள்வியோடு வரவில்லை. ஸ்காட்லாந்து மிஷனரியான அவர் 1837-ல் சென்னையில் பள்ளி தொடங்கினார். காஞ்சிபுரம் பள்ளி அதன் கிளை. பாடம் ஆங்கிலம், நோக்கம் மதமாற்றம். அதை அவர் மறைக்கவே இல்லை. 1841-ல் சென்னைப் பள்ளியில் சில இந்து மாணவர்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள். ஊரே கொதித்தது, பெற்றோர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். வகுப்பறைகள் காலி.

மறு வருஷமே, 1842-ல், சென்னையில் இந்துப் பிள்ளைகளுக்கென்றே பச்சையப்பன் பள்ளி வந்தது. பச்சையப்ப முதலியார் கோயில் தர்மத்துக்கு எழுதிவைத்த சொத்து, வருஷக்கணக்கில் கோர்ட்டில் கிடந்து மிஞ்சிய பணம் அது. பிறகு காஞ்சிபுரத்திலும் ஒரு பச்சையப்பன் பள்ளி. அதில் படித்த ஒரு நெசவாளர் வீட்டுப் பையன்தான் அண்ணா. இந்துக்களுக்கான பள்ளியிலிருந்து பகுத்தறிவு இயக்கத்துக்கு ஒரு தலைவர்! எந்த நிர்வாகமும் திட்டம் போட்டு இப்படிச் செய்ய முடியாது.

சரி, பைபிளுக்கு வருவோம். அதை ஓரங்கட்டியது நாத்திகர்கள் என்று நான் ரொம்ப நாள் நினைத்தேன். இல்லைங்க, பரீட்சைதான். 1854-ல் வந்த உட்ஸ் கல்வி அறிக்கை, மிஷன் பள்ளிக்கும் அரசு மானியம் உண்டு என்றது. ஆனா மதப் பாடத்துக்கு இல்லை, உலகப் படிப்புக்கு மட்டும். 1857-ல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்தது. மெட்ரிகுலேஷன் பாஸ் பண்ணினால் சர்க்கார் உத்தியோகம். பரீட்சையில் வராத பாடத்தைப் பையன் எவ்வளவு மனசு வைத்துக் கேட்பான்?

ஆண்டர்சனின் சென்னைப் பள்ளிதான் பின்னாளில் கிறிஸ்தவக் கல்லூரி ஆனது. அதை நடத்திய வில்லியம் மில்லர் வேறு பாதை எடுத்தார். பைபிள் வகுப்பை விடவில்லை. ஆனால் எத்தனை பேர் மதம் மாறினார்கள் என்று கணக்குப் பார்ப்பதல்ல கல்லூரியின் வேலை, கிறிஸ்தவச் சிந்தனை சமூகத்தில் மெல்லக் கரைந்தால் போதும் என்றார். சக மிஷனரிகளே இதை ஏற்கவில்லை. தோல்விக்குப் பூசிய சமாதானமா இது? எனக்கு அப்படித் தோணலை. மாற்ற முடியாத பிள்ளைக்கும் சொல்லித் தருவேன் என்பதும் விசுவாசம்தான். ஆனால் கரைந்தது கண்ணுக்குத் தெரியாதே, அதுதான் சிக்கல்.

சுதந்திரத்துக்குப் பிறகு அரசியல் சட்டத்தின் 28-ஆம் பிரிவு முடித்துவைத்தது: மானியம் வாங்கும் பள்ளியில், சம்மதம் இல்லாத பிள்ளையை மதப் போதனையில் உட்காரவைக்க முடியாது.

எங்க பாட்டி மிஷன் பள்ளி டீச்சர். பைபிள் பீரியடு 'நன்னெறி' ஆனதில் அவங்களுக்குக் கடைசிவரை வருத்தம். ஆனா அவங்க சாவுக்கு வந்து விடியவிடிய உட்கார்ந்திருந்தது, நெற்றியில் நாமமும் விபூதியும் வைத்த பழைய மாணவர்கள். கல்லறையில் மண் போட்டுவிட்டு, அவங்களில் ஒருத்தர் பரமண்டல ஜெபத்தைப் பார்க்காமலே முழுசா சொன்னார். எனக்குப் பாதியில் மறந்துபோச்சு.